அதிகாரி விடுப்பு கொடுத்த வாரம்

அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் மாட்டுக்குக் குறுக்கேதான் நடக்கும். சாயங்காலக் கறவைக்குப் பால்காரம்மா ஒரு மாட்டடியில் உட்காருவாள், பக்கத்து மாட்டடியில் அவள் புருஷன் உட்காருவார். இடையில் ஒரு பெரிய வயிறு மறைத்துக்கொள்ளும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் "சாப்பாடு வைக்கவா", "வை" என்பதோடு தீர்ந்துபோகிற அந்த இரண்டு பேரும், முகம் தெரியாத இந்த நேரத்தில் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்கள். மகளின் கல்யாணத்தை முடிவு செய்தது அங்கேதான். கூரைக்குத் தகரமா ஓடா என்று சண்டை பிடித்து நாள்கணக்கில் பேசாமல் இருந்ததும் அங்கேதான்.

வருஷா வருஷம் பேசியும் தீராத விஷயம் ஒன்று உண்டு. லீவு கிடைத்தால் எங்கே போவது?

யார் லீவு கொடுப்பது என்று கேட்கக்கூடாது. மாடு காலையிலும் கறக்கச் சொல்லும், மாலையிலும் கறக்கச் சொல்லும், ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கு என்னவென்று தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒன்றாக வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஆனாலும், போவதாக இருந்தால் எங்கே என்பதில் மட்டும் ஒருவரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவளுக்குப் பெரிய நகரம் வேண்டும். அவருக்கு ஏரிக்கரை வேண்டும்.

ஏரிக்கரையின் படம் கொட்டகைத் தூணில் ஆணியடித்துத் தொங்கியது. தீவனக் கம்பெனிக் காலண்டரில் வந்த படம். ஒரு ஏரி, அதன் ஓரத்தில் ஒரு மர வீடு, சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது.

"இதுக்கு நம்ம கொட்டகையிலயே இருந்துக்கலாமே" என்பாள் அவள். "மாட்டை விட்டுட்டுப் போய், அங்க யாரோ மேய்க்கிற மாட்டைப் பாத்துட்டு வரணுமாக்கும்."

"அங்க ஏது மாடு? மீன்தான்."

"மீனோட என்ன பேசுவீங்க?"

"அது பேசாது. அதான் வேணும்."

அவள் கேட்ட நகரம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், அதுவும் நாலாவது மாடியிலிருந்து. பல வருஷங்களுக்கு முன்னால் பித்தப்பையில் கல் என்று சொல்லி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற நகரத்து ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். நாலு நாள் இருந்தாள். வயிற்றைக் கிழித்துத் தைத்த அந்த நாலு நாள்தான் தன் வாழ்க்கையிலேயே சுகமாக இருந்த நாள் என்று அவள் சொல்லுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. விடிந்தபிறகு எழுந்தாள். யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். சாணி அள்ள வேண்டியதில்லை, தவிடு கரைக்க வேண்டியதில்லை. கட்டிலை ஒட்டி ஒரு பெரிய ஜன்னல், அதற்குக் கீழே தெரு.

அந்தத் தெருவை அவள் பார்த்துத் தீரவில்லை. ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள், செருப்புக் கடை வாசலில் பேரம் பேசுகிறவர்கள், காரணமே இல்லாமல் நிற்கிறவர்கள். எதிரே ஒரு ஐஸ்க்ரீம் கடை. ஒருநாள் சாயங்காலம் அதன் வாசலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், கிட்டத்தட்ட அவர்கள் வயசுதான் இருக்கும், ஆளுக்கொரு ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு பை கூட இல்லாமல், ஒரு வேலையும் இல்லாதவர்கள்போல நடந்து போனார்கள். அவ்வளவுதான் அவள் பார்த்தது. ஆனால் அதைப் பார்த்தபோது, இவர் மட்டும் இப்போது பக்கத்தில் இருந்தால் என்று ஏங்கினாள். அவர் மத்தியானம் வருவார், கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நிற்பார், "மாடு கறக்கணும்" என்று கிளம்பிவிடுவார். மாட்டுக்காரன் பெண்டாட்டி மாட்டைக் குறை சொல்ல முடியுமா? தலையை ஆட்டி அனுப்பி வைத்தாள்.

அந்தத் தெருவில் அவரோடு ஒருதரம் கைவீசி நடக்கவேண்டும். இத்தனை வருஷமாக அவள் கேட்டது இவ்வளவுதான்.

இந்தக் கதையை அவள் கறவை நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று மாடுகளைத்தான் கேட்க வேண்டும். போன மாதம் ஒருநாளும் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ரோஸ் கலர் ஐஸ்க்ரீம் வாங்குனாங்க..."

"ஒண்ணு ரோஸ், ஒண்ணு மஞ்சள்" என்றார் அவர், மாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீங்க பாத்தீங்களாக்கும்."

வாளியில் பால் பீய்ச்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் பேச்சு திடீரென்று நிஜமாகிவிட்டது. அவள் கொழுந்தன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைத்தபிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானாகவே வந்து சொன்னார்.

"அண்ணி, நீங்களும் அண்ணனும் ஒரு வாரம் எங்கயாவது போயிட்டு வாங்க. மாட்டை நான் பாத்துக்கறேன். எனக்கும் கறக்கத் தெரியும்ல."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, மாட்டிக்கொண்ட முழிதான் இருந்தது.

"அதிகாரி இவன்கிட்ட குடுக்காது" என்றார்.

அதிகாரி என்பது கொட்டகையில் கடைசியாக நிற்கும் கறுப்பு மாடு. எல்லாம் சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடும். வாளி மாறினால் போடாது, நேரம் தவறினால் போடாது, பால்காரம்மாவைத் தவிர வேறு கை பட்டால் சுத்தமாகப் போடாது. பாலை உள்ளேயே அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும். ஒரு வேளை அடக்கினால் போகட்டும் என்று விடலாம். நாலைந்து வேளை அடக்கினால் மடி கட்டிக் காய்ச்சல் வந்துவிடும். அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட, இரண்டு பக்கமும் ஆள் தாங்கலாக வந்து அதிகாரிக்குக் கறந்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள்.

அவர் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. கொழுந்தன் உட்கார்ந்ததும் அதிகாரி கழுத்தைத் திருப்பி ஒரு மோப்பம் பிடித்தது. பஸ் டீசலும் பவுடரும் கலந்த அந்த வாசனை அதற்குப் பிடிக்கவில்லை. பின்னங்காலால் வாளியை ஒரு தள்ளு தள்ளியது. மறுநாளும் அதே கதை.

"பாத்தியா? விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் பால்காரர். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவளுக்குக் கேட்டது, சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் அவள் கறவைக்கு மட்டும் போட்டுக்கொள்கிற பழைய பூப்போட்ட நைட்டியைக் கொட்டகை ஆணியிலிருந்து எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினாள். அது வீட்டுக்குள் வராத நைட்டி. துவைத்தாலும் போகாத வாசனை அதற்கு உண்டு.

"தம்பி, இதைப் போட்டுக்கிட்டு உக்காருங்க."

"அண்ணி, நான் ஸ்கூல் பஸ் ஓட்றவன். புள்ளைங்க யாராவது பாத்துச்சுன்னா அப்புறம் வண்டியில ஒண்ணும் உக்காரச் சொன்னா உக்காராது."

"எந்தப் புள்ளையும் இங்க வராது. போடுங்க."

போட்டார். முறுக்கு மீசையும் ரோஜாப்பூ நைட்டியுமாக அவர் வந்து குந்தியபோது பால்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி திரும்பியது. தோளை மோந்தது. அப்படியே மேலே போய் மீசையைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி தோளை மோந்தது. பிறகு பெருமூச்சு விட்டுத் தீவனத்தில் வாய் வைத்தது. வாளியில் பால் சத்தம் கேட்டது.

"கையெழுத்து ஆயிருச்சு அண்ணி" என்று கொழுந்தன் கிசுகிசுத்தார், சத்தமாகச் சொன்னால் அதிகாரிக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதுபோல. வெற்றிக் களிப்பில் வாய் நிற்கவில்லை. "இதோட அம்மா எவ்வளவு தேவலை. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாலு நாளும் நான்தானே கறந்தேன். நைட்டி கிட்டினு ஒண்ணும் கேக்கல."

"நாலு நாளும் நீங்களா? சாயங்காலம் உங்கண்ணன் வந்துருவாரே."

"அண்ணன் எங்க வந்தாரு? போனவரு, உங்களைக் கூட்டிக்கிட்டுதானே வந்தாரு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கொழுந்தன் ஒன்றும் கவனிக்கவில்லை, நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே ஏரிக்கரைப் படம் இருந்தது.

அன்று ராத்திரி முழுக்க அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. மத்தியானம் வந்து கால்மாட்டில் நின்றுவிட்டு, மாடு கறக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாரே, வீட்டுக்கும் வரவில்லை என்றால் எங்கே போனார்? வேண்டிய கற்பனையும் வேண்டாத கற்பனையும் வந்தது. அந்த மனுஷனுக்கு அப்படியெல்லாம் துப்பு இல்லை என்று ஒரு மனசு சொன்னது. துப்பு இல்லாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்டது. ஒரு பெண் வயிற்றில் தையலோடு படுத்துக் கிடக்கிறாள், பக்கத்தில் உட்கார மனசில்லாமல் மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒருவர் போயிருக்கிறார். இத்தனை வருஷம் அவள் அதிகாரியின் அம்மா மாட்டின் மேல்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அது செத்தே போய்விட்டது.

அடுத்த நாள் சாயங்காலம், கொழுந்தன் வருவதற்கு முன்னால் அவளே அதிகாரிக்கு அடியில் உட்கார்ந்தாள். பக்கத்து மாட்டடியில் அவர்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப எங்க போனீங்க?"

அந்தப் பக்கம் கை நின்றது.

"உங்க தம்பி சொல்லிட்டாரு. நாலு நாளும் நீங்க வீட்டுக்கே வரலையாம்."

அவள் காம்பைப் பிடித்து இழுத்தாள். அவள் கையிலேயே கோபம் இருந்தது போலிருக்கிறது, அதிகாரி பாலை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தது. அவளுக்கே கையெழுத்துப் போடாதது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சொல்லிருங்க. எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. இனிமே என்ன ஆகப்போகுது."

"கீழதான் இருந்தேன்" என்றார் அவர்.

"கீழன்னா?"

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல. ஐஸ்க்ரீம் கடை வாசல்ல ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கு. அதுலதான் உக்காந்திருந்தேன். ராத்திரி பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. கீழே உட்காருகிறவர் மேலே வந்து உட்கார்ந்தால் என்ன?

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மாட்டின் வயிறு நடுவில் இல்லாவிட்டால் அதையும் சொல்லியிருக்க மாட்டார். முதல் நாள், குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்ட்டில் ஏறியிருக்கிறார். உள்ளே நாலைந்து பேர். ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது மாடியிலேயே எல்லாரும் இறங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மேலே நாலாவது மாடிக்குப் படியேறி வந்ததை இவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"அப்பறம் வார்டுக்குள்ள வந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவோட பொண்ணு, நர்ஸைக் கூப்பிட்டு, என்னமோ வாடை வருது, ஜன்னலைத் திறந்து விடுங்கன்னு சொல்லுச்சு. நீ அந்தம்மாகிட்ட நல்லாப் பேசிட்டு இருந்த. அவங்க உனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. நான் அங்க உக்காந்தா உன்னையும் ஒரு மாதிரி நினைப்பாங்க. அதான்."

"அதான், மாடு கறக்கணும்னீங்க."

"வேற என்ன சொல்றது."

"ஏரிக்கரையும் அதுக்குத்தான்."

"அங்க யாரும் இருக்க மாட்டாங்கள்ல" என்றார். "மீனு மூக்கைப் பொத்தாது."

அவள் நெற்றியை அதிகாரியின் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். கதகதவென்று இருந்தது. நாலு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, அந்தத் தெருவில் போகிற வருகிற ஒவ்வொரு தலையையும் அவள் பார்த்தாள். செருப்புக் கடைக்காரரின் வழுக்கை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இவர் பக்கத்தில் இல்லையே என்று ஏங்கி ஏங்கிப் பார்த்த அந்தக் கூட்டத்தில் இவரே உட்கார்ந்திருந்திருக்கிறார். கொட்டகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவே இல்லை. அவளுக்கு மனசு ஆறவில்லை. எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"நான் உங்களுக்குத் தெரிஞ்சேனா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்ச. ரெண்டாவது நாளு தலை சீவிக்கிட்டு நின்ன. கையத் தூக்க முடியல, பாதியிலயே விட்டுட்ட."

"ஒண்ணு ரோஸு, ஒண்ணு மஞ்சள்" என்றாள் அவள்.

"ஆமா. அந்தாளுதான் மஞ்சள் வாங்குனாரு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கமான அதிகாரக் குரலுக்கு வந்தாள்.

"ஏங்க, உங்க தம்பி மேல என் நைட்டியைப் போட்டதும் அதிகாரி ஏமாந்துச்சே, எதனால?"

"உன் வாசனை."

"அப்ப எனக்கும் அதே வாசனைதானே? நான் என்ன மல்லிப்பூவா? அந்தப் பொண்ணு ஜன்னலைத் திறக்கச் சொன்னது உங்களாலயா என்னாலயான்னு யாரு கண்டா? நான்தான் ராவும் பகலும் அங்க கிடந்தேன், நீங்க வந்து நின்னது கொஞ்ச நேரம்."

இதை அவர் இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட யோசித்ததில்லை.

"அவங்க ஜன்னலைத் திறந்ததாலதான் நான் தெருவையே பாத்தேன்" என்றாள். "இல்லைன்னா சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்திருப்பேன். நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு."

"பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

"போகட்டும். காலை நீட்டி உக்காந்துக்கலாம்."

அவர் சிரித்தது கேட்டது. அவள் கை இளகியது. அதிகாரியும் சரி போகட்டும் என்று பாலை இறக்கிவிட்டது.

அப்படியும் நகரத்துக்குக் கிளம்புகிற நாளில் அவர் குழாயடியில் துணி துவைக்கிற சோப்பைப் போட்டு, பிரஷ்ஷால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது. அவள் பிரஷ்ஷைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தாள். அது அங்கேயே தங்கிவிட்டது, இன்றைக்கும் இருக்கிறது. நைட்டியைக் கொழுந்தனிடம் ஒப்படைத்தபோது, துவைக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற இருக்கை. ஓரத்தில் ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தாளை மடித்தார், எழுந்தார், முன்னால் போனார். பால்காரரின் முகம் சுருங்கியது. அவள் கண்டுகொள்ளாமல் காலை நீட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பெரியவர் இறங்கி, இவர்கள் ஜன்னலைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்து போனார்.

"வீடு வந்துருச்சு, எறங்கிட்டாரு" என்றாள் அவள். "அதுக்கும் நீங்கதான் காரணம்னு சொல்லுங்க."

தங்கிய அறை மூன்றாவது மாடியில் இருந்தது. வெள்ளை விரிப்பு, அழுத்தினால் உள்ளே போகிற மெத்தை. விடிந்தபிறகுதான் எழுவேன் என்று அவள் சபதம் போட்டிருந்தாள். ஆனால் வழக்கமான கறவை நேரத்துக்கு இரண்டு பேருக்கும் விழிப்புத் தட்டிவிட்டது. எழுந்து செய்ய ஒன்றுமில்லை. விரலெல்லாம் தானாக மடங்கி மடங்கி நீண்டது. அவர் போர்வைக்குள்ளிருந்து, "இந்நேரம் தம்பி நைட்டியை மாட்டிருப்பான்" என்றார். அதற்குப் பிறகு தூக்கம் எங்கே வரும்? சிரித்துச் சிரித்து அவளுக்குப் பழைய தையல் போட்ட இடம் வலித்தது. கல்யாணமான புதிதில்கூட இப்படி வெளிச்சம் வரும்வரை படுத்துக்கொண்டு அவர்கள் பேசியதில்லை. நடுவில் மாடு இல்லாமலும் அவருக்குப் பேச வந்தது.

சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனார்கள். கையில் பை இல்லை. செருப்புக் கடை இருந்த இடத்தில் போன் கடை வந்திருந்தது. ஐஸ்க்ரீம் கடை அப்படியே இருந்தது, பெயர்ப்பலகை மட்டும் பெரிதாகியிருந்தது. சிமெண்ட் பெஞ்சுக்கு யாரோ நீலம் அடித்திருந்தார்கள். அவர் போய், கேட்காமலே, அதன் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்துதான் மரம் மறைக்காமல் நாலாவது மாடி ஜன்னல் தெரியும் போலிருக்கிறது.

அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

"நீங்க இங்கயே இருங்க. நான் வந்தர்றேன்."

"எங்க போற?"

"வந்தர்றேன்னு சொல்றேன்ல. எந்திரிக்கக் கூடாது."

தெருவைக் கடந்தாள். பார்வையாளர் நேரம், யாரும் தடுக்கவில்லை. லிஃப்ட்டில் கூட்டமாக இருந்தது. யார் மூக்கைப் பொத்தினார்கள், யார் பொத்தவில்லை என்று அவள் பார்க்கவில்லை. நாலாவது மாடியில் பெண்கள் வார்டு அதே இடத்தில்தான் இருந்தது. அவள் படுத்திருந்த கட்டிலில் இப்போது ஒரு சின்னப்பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அவள் வாசலில் தயங்கி நின்றபோது ஒரு நர்ஸ் வந்தார்.

"யாரைப் பாக்கணும்மா?"

"கீழ உக்காந்திருக்கவரைப் பாக்கணும்" என்றாள்.

நர்ஸுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவள் முகத்தில் என்ன இருந்ததோ, தள்ளி நின்று வழிவிட்டார். "சத்தம் போடாதீங்க, அந்தப் பொண்ணு இப்பத்தான் தூங்குச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கீழே அதே தெரு, அதே கூட்டம், அதே வெயில் சாய்கிற நேரம். தேடவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலைக்கும் நடுவில் அவர் முதலில் தெரிந்தார். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பளிச்சென்று இருந்திருக்கிறார். கண்ணீர் வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார், எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னதையும் மீறி. அதற்குள் போய் வாங்கியும் விட்டார், என்ன அவசரமோ. ஒரு கையில் ரோஸ், ஒரு கையில் மஞ்சள். அண்ணாந்து அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்ததும், எந்தக் கையை ஆட்டுவது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் இரண்டு ஐஸ்க்ரீமையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பக்கத்தில் போனவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை.

இறங்கிப் போகவேண்டும், உருகிவிடும். அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். உருகினால் உருகட்டும்.